17 ஆண்டு காத்திருந்த காமா பயில்வான்

திருவண்ணாமலைக்காரர்களுக்கு நடை புதிதல்ல.

பௌர்ணமி இரவில் மலையைச் சுற்றி வருகிறார்கள். மொத்தம் 14 கிலோ மீட்டர். வயதான பாட்டிமார்கள்கூட வெறுங்காலுடன் நடந்து முடித்து விடுகிறார்கள். முதல் தடவையாக வரும் வெளியூர்க்காரர்தான் பாவம்! மறுநாள் காலையில் பஸ் நிலையத்தில் அவரைப் பார்க்க வேண்டும். பஸ் படியில் கால் வைக்க முடியாது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. தொடை இரண்டும் கல்லாகப் போயிருக்கும்.

14 கிலோ மீட்டர் நடந்ததற்கே இந்தப் பாடு. ஒரு மனிதர் நாள்தோறும் 5 ஆயிரம் பஸ்கி போட்டார் என்றால் நம்புவீர்களா?

ஆம், ஐயாயிரம்! அதோடு 3 ஆயிரம் தண்டால்! அதுவும் போதாது என்று, 40 பயில்வான்களுடன் ஒருவர் பின் ஒருவராகக் குஸ்தி!

அவர்தான் உலகப் பிரசித்தி பெற்ற காமா பயில்வான். முழுப்பெயர் குலாம் முகமது. "காமா" என்பது வீட்டில் செல்லமாக அழைத்த பெயர். அந்தச் செல்லப் பெயரே உலகம் முழுவதும் பரவிவிட்டது.

தகப்பனை இழந்த பிள்ளை

காமா பிறந்தது 1878-ம் ஆண்டில். ஊர், பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கம். காஷ்மீரத்தில் இருந்து வந்து குடியேறிய பயில்வான் குடும்பம்.

தகப்பனார் முகமது அஜீஸ், ததியா சமஸ்தானத்தில் அரண்மனைப் பயில்வான். மகனையும் பெரிய பயில்வான் ஆக்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் காமாவுக்கு ஆறு வயது நிரம்புவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

பிள்ளையைத் தாய்வழிப் பாட்டனார் நூன் பயில்வான் எடுத்து வளர்த்தார். சில காலத்தில் அவரும் கண்ணை மூடிவிட்டார். அதன் பிறகு பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் மாமா ஈதா பயில்வான். செத்துப் போனவரின் ஆசையை நிறைவேற்றியே தீருவது என்று அவர் உறுதி பூண்டார்.

மாமா கண்டிப்பானவர். ஆனால் அவசரக்காரர் அல்ல. சிறுவனை எடுத்த எடுப்பில் கோதாவில் இறக்கி, யாருடனும் மோத விடவில்லை. முதலில் தண்டால், பஸ்கி, கோதா மண்ணைக் கொத்துவது, நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம். இவ்வளவுதான். பிடி போடக் கற்பதெல்லாம் பிறகுதான். வீடு கட்டுகிறவன் கடைக்கால் தோண்டுவது போன்ற வேலை இது. தெருவில் போகிறவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

ஜோத்பூர் போட்டி

1888-ம் ஆண்டில் ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி நடத்தினார். குஸ்திப் போட்டி அல்ல. யார் அதிகமாகக் கசரத்து செய்கிறார்கள் என்று பார்க்கும் போட்டி. நாட்டின் பல பகுதிகளில் இருந்து 400-க்கும் அதிகமான பயில்வான்கள் வந்து நின்றார்கள். மீசையும் மார்புமாக நின்ற அந்தக் கூட்டத்தில் பத்து வயதுப் பையன் ஒருவனும் நின்றான்.

பஸ்கி ஆரம்பமாயிற்று. நூறு, இருநூறு, ஐந்நூறு, ஆயிரம்... ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களால் எழுந்திருக்க முடியவில்லை. நூறு பேர் மிச்சம், ஐம்பது பேர் மிச்சம் என்று கூட்டம் கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் 15 பேர் மட்டும் நின்றார்கள். அவர்களில் ஒருவன் அந்தப் பையன்!

மகாராஜா வியந்து போனார். போட்டியை நிறுத்தி, வயதை உத்தேசித்து, பரிசு காமாவுக்கே என்று அறிவித்தார். வீடு திரும்பிய காமா பல நாள் படுக்கையில் கிடந்தான் என்று சொல்வார்கள். இருக்காதா பின்னே!

ததியா மகாராஜா பவானி சிங் பையனை விடவில்லை. தம் செலவில் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். தகப்பனார் இருந்த அதே அரண்மனைக்கு மகனும் பயில்வானாக வந்து சேர்ந்தான்.

பயிற்சி எப்படி?

பஸ்கி என்பது வேறொன்றும் அல்ல. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிறோமே, அது மாதிரி உட்கார்ந்து எழுந்திருப்பதுதான். காதைப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான். தண்டால் என்பது தரையில் கை ஊன்றி, உடம்பைத் தாழ்த்தி, பாம்பு படம் எடுப்பதுபோல் மார்பை நிமிர்த்துவது.

நிமிடத்துக்கு 30 பஸ்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆயிரம் போட்டு முடிக்க 2¾ மணி நேரம் ஆகும். நிமிடத்துக்கு 20 தண்டால் என்றால், 3 ஆயிரத்துக்கு இரண்டரை மணி நேரம். இடையில் மூச்சு வாங்கும் நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பயில்வான்களைப் பற்றிய கணக்குகளில் பத்துக்கு இரண்டு தள்ளுபடி செய்வது நல்லது என்பது என் கட்சி. பரோடா மியூசியத்தில் ஒரு பெரிய கல் இருக்கிறது. 1902-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி காமா அதைத் தூக்கினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எடை 1,200 கிலோவாம்! அப்படியே அலாக்காகத் தூக்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. புரட்டிச் சற்று எழுப்பியிருக்கலாம். பஸ்கிக் கணக்கையும் வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள். பாதியைத் தள்ளினாலும் மீதி 2,500 இருக்கிறதே!

இவ்வளவு பஸ்கி எதற்கு?

அந்தக் காலத்துக் குஸ்தியில் பெரும்பாலும் நேரக் கணக்கு கிடையாது. ஒருவன் முதுகு மண்ணில் படும்வரை நடக்கும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்கூட இழுத்துக்கொண்டு போகும். கை பலத்தால் முதல் ஐந்து நிமிடம் சமாளிக்கலாம். அதற்குமேல் தாங்கி நிற்பவை காலும் மூச்சும்தான். முழங்கால் தளர்ந்தவனைச் சின்னப் பையன்கூடத் தள்ளிவிடுவான். பஸ்கி காலையும் மூச்சையும் ஒரே சமயத்தில் பழக்குகிறது. தண்டால் மார்பு, தோள், கை, முதுகு எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கிறது. கோதா மண்ணை மண்வெட்டியால் கொத்திப் புரட்டுவதும் பயிற்சியே. இடுப்பும் பிடிப்பும் அதில் உறுதிப்படும். அந்த மண்ணில் எண்ணெய், மோர், மஞ்சள் கலந்து பதப்படுத்துவார்கள்.

40 பயில்வான்களுடன் தினமும் மோதினார் என்றேன். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வருகிறவர் ஒவ்வொருவரும் புதிய ஆள். நாற்பதாவது ஆள் கோதாவில் இறங்கும்போது அவர் களைப்பே இல்லாமல் வருகிறார். காமாவோ 39 பேருடன் மல்லுக்கட்டி வியர்த்து நிற்கிறார். களைத்துப்போன உடம்புடன் புதிய ஆளைச் சமாளிக்கத் தினமும் பழகியவருக்கு, போட்டியில் ஒரே ஒரு ஆள் எம்மாத்திரம்? குத்துச்சண்டைக்காரர்களுக்குப் பயிற்சி தருகிறவர்களும் இதே வழியைக் கையாளுவதுண்டு. சுற்றுக்குச் சுற்று ஆளை மாற்றி மாற்றி அனுப்புவார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் நாளைக் காலையிலேயே ஆயிரம் பஸ்கிக்குக் கிளம்பிவிட வேண்டாம். காமா பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக ஏற்றிய கணக்கு அது. பத்தில் தொடங்கினால் போதும்.

சாப்பாடும் அதற்கு ஏற்றாற்போலத்தான். நாளைக்குப் பத்து லிட்டர் பால், ஏறத்தாழ முக்கால் கிலோ பாதாம் பருப்பு அரைத்த விழுது, நெய், பழங்கள், இறைச்சி என்று ஒரு பட்டியல் சொல்கிறார்கள். சமஸ்தானத்துக் கஜானா இல்லாவிட்டால் இது நடக்குமா? பயில்வானை ராஜாக்கள் வளர்த்த காலம் அது. அந்தக் கணக்கு கடைசியில் காமாவுக்கு எப்படித் திரும்பியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மதுரையில் ஒரு பையன்

காமா ததியாவில் தண்டால் போட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், மதுரையிலும் ஒரு பையனுக்குக் குஸ்தி என்றால் உயிர். காமாவைவிட ஒரு வயது இளையவன். அவனும் தகப்பனாரைச் சிறு வயதில் இழந்து, சிற்றப்பா வீட்டில் வளர்ந்தவன். குஸ்தி, குத்துச்சண்டை, கால்பந்து எல்லாவற்றிலும் முதல் ஆள். படுத்தால் மட்டும் கும்பகர்ணன் தூக்கம். விழித்திருக்கும்போது அவனைத் தொடப் பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடுவார்களாம். காலையில் அவனுக்கு ஒன்றும் தெரியாது!

அந்தப் பையன் 1896-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். பிறகு எந்தக் கோதாவிலும் இறங்கவில்லை. ஊரைவிட்டும் போகவில்லை. அவர் யார் என்று திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ரமண மகரிஷிதான்.

சரி, காமாவிடம் திரும்புவோம்.

ஏழடி உயர எதிரி

வடநாட்டில் அப்போது ரகீம் பக்ஷ் சுல்தானிவாலா என்ற பெரிய பயில்வான் இருந்தார். குஜ்ரன்வாலா ஊர்க்காரர். உயரம் ஏறத்தாழ 7 அடி! காமாவின் உயரம் 5 அடி 7 அங்குலம்தான். பக்கத்தில் நின்றால், தகப்பனும் மகனும் போல இருக்கும்.

1895-ம் ஆண்டில், 17 வயது காமா அவருக்குச் சவால் விட்டார். ஊரே சிரித்தது. குஸ்தி தொடங்கிச் சிறிது நேரத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. காமாவின் மூக்கிலும் காதிலும் ரத்தம் கொட்டியது. ஆனாலும் விடவில்லை. நெடுநேரம் போராடியும் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் பேர்பெற்ற பயில்வான்கள் எல்லோரையும் காமா தோற்கடித்தார். ரகீம் பக்ஷ் ஒருவர்தான் பாக்கி. இங்கிலாந்து போய் வந்தபிறகு அலகாபாத்தில் நடந்த குஸ்தியில் அந்தப் பாக்கியையும் தீர்த்தார். "ருஸ்தம்-இ-ஹிந்த்" என்ற பட்டம் கிடைத்தது. ருஸ்தம் என்பவன் பாரசீகக் கதைகளில் வரும் மகாவீரன். நமக்குப் பீமன் மாதிரி.

லண்டனில் அவமானம்

1910-ம் ஆண்டில் காமா லண்டன் போனார். தம்பி இமாம் பக்ஷும் கூடப் போனார். செலவை ஏற்றவர் வங்காளத்துச் செல்வர் சரத் குமார் மித்ரா.

அங்கே நடந்த உலகப் போட்டியில் பெயர் கொடுக்கப் போனால், சேர்க்க மறுத்துவிட்டார்கள். ஆள் குள்ளமாம்!

காமா கோபப்பட்டுச் சண்டை போடவில்லை. ஒரு சவால் விடுத்தார். எந்த எடையுள்ள பயில்வானாக இருந்தாலும் சரி, மூன்று பேரை அரை மணி நேரத்தில் வீழ்த்துகிறேன் என்பது சவால். முதலில் யாரும் நம்பவில்லை. வெறும் விளம்பரம் என்று நினைத்துவிட்டார்கள்.

கடைசியில் அமெரிக்காவைச் சேர்ந்த ரோலர் என்பவர் வந்தார். அவர் ஒரு டாக்டர். முதல் தடவை 1 நிமிடம் 40 வினாடியில் அவரைக் காமா மல்லாத்தினார். இரண்டாம் தடவை 9 நிமிடம் 10 வினாடி பிடித்தது.

பத்திரிகைகள் விழித்துக்கொண்டன. போட்டியின் கதவும் திறந்தது.

படுத்துக்கொண்ட வீரர்

செப்டம்பர் 10-ந் தேதி. எதிரி, போலந்து நாட்டு வீரர் ஜிபிஸ்கோ. ஐரோப்பாவில் முதல் வரிசைப் பயில்வான். எடை காமாவைவிட 20 கிலோவுக்கும் அதிகம். வெற்றி பெறுகிறவருக்கு 250 பவுன் பணமும், உலகப் போட்டிக்கான பட்டையும் பரிசு.

மணி அடித்தது. ஒரு நிமிடத்துக்குள் காமா அவரைக் கீழே இறக்கிவிட்டார். ஆனால் முதுகு தரையில் பட வேண்டுமே! ஜிபிஸ்கோ குப்புறப் படுத்துக்கொண்டார். கை கால்களைப் பரப்பி, மெத்தையோடு ஒட்டிக்கொண்டார்.

காமா புரட்டிப் பார்த்தார். முடியவில்லை. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கால் மணி, அரை மணி, ஒரு மணி ஆயிற்று. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். படுத்தவர் படுத்தவர்தான்!

இப்படியே 2 மணி 35 நிமிடம்! இருட்டப் போகிறது என்று போட்டியை நிறுத்தினார்கள். அடுத்த வாரம், 17-ந் தேதி மறுபடி மோதுவது என்று முடிவாயிற்று.

17-ந் தேதி காமா வந்து நின்றார். ஜிபிஸ்கோ வரவே இல்லை. பட்டையைக் காமாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கேட்பதற்கு இது வெற்றிதான். காமாவின் மனநிலையில் இருந்து பாருங்கள். ஐந்து வயதில் இருந்து உடம்பைப் பழக்கி, ஏழு கடல் தாண்டிப் போய், உலகத்தின் முன்னால் நின்றவர் அவர். எதிரி எழுந்து நிற்கவே மாட்டேன் என்றால், எந்தப் பிடியைப் போடுவது? எத்தனை ஆயிரம் பஸ்கி போட்டும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் பெரிய சாம்பியன் காட்ச் முதலியவர்களுக்கும் சவால் போயிற்று. ஒருவரும் வரவில்லை.

காமா கப்பல் ஏறினார்.

ஆள் வராத கோதா

இங்கேதான் காமாவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. சண்டையே நடக்காத பகுதி அது.

இந்தியாவில் அவருக்கு எதிரிகள் தீர்ந்துவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் வரவில்லை. 1922-ல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசர் வெள்ளிக் கதாயுதம் ஒன்றைப் பரிசளித்தார். கதாயுதம் இருக்கிறது, மோத ஆள்தான் இல்லை. வயது 40 ஆயிற்று, 45 ஆயிற்று. வேறொருவராக இருந்தால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பழங்கதை பேசிக்கொண்டிருப்பார். பாலும் நெய்யும் தொந்தியில் இறங்கியிருக்கும்.

காமா விடியற்காலையில் எழுந்து பஸ்கி போட்டார். யாருக்காக? எந்தத் தேதிக்காக? ஒன்றும் கிடையாது. ஆனாலும் போட்டார். 17 ஆண்டு!

அந்த 17 ஆண்டில் ஜிபிஸ்கோவும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கா போய், 1921-ம் ஆண்டில் உலகச் சாம்பியன் பட்டத்தையே வென்றார். படுத்துத் தப்பித்தவர் என்று அவரைக் கேவலமாக நினைத்துவிட வேண்டாம். அவரும் அசகாய சூரர்தான்.

1928-ம் ஆண்டு ஜனவரி மாதம். பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் இருவரையும் மறுபடி மோத விட்டார். லண்டனில் மெத்தை. இங்கே நம் ஊர் மண் கோதா. இருவருக்கும் வயது 50-ஐ நெருங்கிவிட்டது. பல்லாயிரக்கணக்கான ஜனங்கள் கூடிவிட்டார்கள். இந்தத் தடவை எத்தனை மணி நேரம் ஆகுமோ என்று சாப்பாட்டு மூட்டையோடு வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். பிடித்தார்கள். ஜிபிஸ்கோவின் முதுகு மண்ணில்!

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணை வேறு பக்கம் திருப்பியவர்கள் பார்த்திருக்கவே முடியாது.

அடுத்த ஆண்டு பீட்டர்சன் என்ற ஐரோப்பிய வீரரையும் காமா எளிதில் தோற்கடித்தார். அதற்குப் பிறகு பெரிய குஸ்தி எதுவும் அமையவில்லை. தோல்வியே காணாதவர் என்ற பெயர் கடைசிவரை நிலைத்தது.

லாகூரில் கடைசி நாட்கள்

1947-ம் ஆண்டில் நாடு பிரிந்தது. காமா லாகூரில், மோகினி சாலையில் குடியிருந்தார். அந்தத் தெருவில் இந்துக் குடும்பங்களும் இருந்தன. கலவரக் கும்பல் வந்தபோது காமா தம் ஆட்களுடன் தெருவில் குறுக்கே நின்றார் என்றும், ஒரு குடும்பத்தின் மீதும் கை படாமல் காத்து, கைச்செலவுக்கும் கொடுத்து எல்லை கடக்க அனுப்பினார் என்றும் அவர் குடும்பத்தார் சொல்லி வந்தார்கள்.

சமஸ்தானங்கள் மறைந்தன. பாதாமும் பாலும் கொடுத்து பயில்வான்களை ஆதரித்த அரண்மனைகள் மூடின. மகாராஜா கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று வாழ்ந்த தொழில் அது. சேமிப்பு, பென்ஷன் என்றெல்லாம் அதில் கிடையாது. இருதய நோயும் ஆஸ்துமாவும் காமாவைப் படுக்கையில் தள்ளின. எந்தப் பயில்வானாலும் முடியாததை மூச்சுத் திணறல் செய்துவிட்டது. மருந்துக்கே பணமில்லாத நிலை.

செய்தி எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தது. தொழிலதிபர் ஜி.டி. பிர்லா பணம் அனுப்பியதோடு, மாதந்தோறும் உதவித்தொகைக்கும் ஏற்பாடு செய்தார்.

1960-ம் ஆண்டு மே 23-ந் தேதி, லாகூரில் காமா காலமானார். வயது 82.

தம்பி இமாம் பக்ஷின் மகன் போலு பயில்வான், பாகிஸ்தானில் பெரிய வீரராக விளங்கினார். காமாவின் பயிற்சி முறை குடும்பத்தைத் தாண்டியும் போயிற்று. சினிமாவில் சண்டை வீரராக உலகப் புகழ்பெற்ற புரூஸ் லீ, காமாவைப் பற்றிய கட்டுரைகளைத் தேடிப் படித்து, தண்டாலையும் பஸ்கியையும் தம் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார். ஜிபிஸ்கோ 1967 வரை இருந்தார். நடுவில் ஓர் ஆங்கிலப் படத்தில், கிழட்டுப் பயில்வான் வேடத்தில் நன்றாகவே நடித்தார்.

பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் காட்சிசாலையில் கனத்த வட்டு ஒன்று இருக்கிறது. உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை. எடை 95 கிலோ. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் காமா பஸ்கி போடுவாராம்.